நத்தை வீட்டு ஸ்டாப்

இன்று பெரம்பலூரிலிருந்து வேப்பந்தட்டை பஸ்ஸில் வந்தேன். முன் சீட்டுக்காரர் தூரத்தில் தெரிந்த வீட்டைக் காட்டி, பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "ஈசானி மூலையே இல்லாம கட்டிருக்கான் பாருங்க. இடிச்சாத்தான் குடும்பம் வெளங்கும்."

கட்டியவன் இல்லை, கட்டியவள். நான்தான்.

எண்பதுகளில் சித்தாளாக இருந்தேன். அரியலூர் சுண்ணாம்புக்கல் குழியில் பார்த்த, நத்தை ஓடுபோலச் சுருண்ட ஒரு கல்லைப் போலவே சுழன்று போகும் சுவரை என் வீட்டுக்கு எழுப்பினேன். "மட்டக்கோலை எங்கம்மா வைக்கிறது?" என்று கொத்தனார்கள் கிளம்பிவிட்டார்கள். உள்ளங்கையால் நானே பூசி முடித்தேன். அப்போது வாஸ்து பார்க்க வந்தவரும் இதே மூலையைத்தான் தேடினார்.

அவருக்குச் சொன்னதையே இந்த முன் சீட்டுக்காரருக்கும் சொன்னேன்: "மூலையே இல்லாத வூட்டுல தோஷம் எங்கங்க வந்து உக்காரும்?"

அதற்குள் கண்டக்டர் கூப்பிட்டார்: "நத்தை வூடு எறங்குறவங்க வாங்க!"

ஊரார் கேலிக்கு வைத்த பெயர். இப்போது ஸ்டாப்புக்கே அதுதான் பெயர். இறங்கி, முன் சீட்டுக்காரர் பார்க்கப் பார்க்கக் கதவைத் திறந்தேன்.

மூலை வைத்துக் கட்டியவர்களே, சொல்லுங்கள்: அங்கே ஒட்டடையைத் தவிர வேறென்ன குடியிருக்கிறது?