பச்சை மாறாத நெல்

போன செவ்வாய்க்கிழமை, முன்பின் பார்த்திராத ஒருவரின் பெயரைக் கெடுக்கக் கிளம்பினேன். இராஜபாளையத்தில் டவுன் பஸ் ஏறி.

தூண்டிவிட்டவர் என் மனைவியின் அண்ணன் சங்கரலிங்கம். மம்சாபுரத்தில் விவசாயம். மூன்று ஏக்கர் நெல்... அறுப்பு நாள் நெருங்கியும் இலை பழுக்கவில்லை. கதிரை உருவினால் பாதிக்குப் பாதி பதர். வருஷச் சாப்பாடே அதில்தான்.

"விதைக்கடைக்காரன் ஏமாத்திட்டான் மாப்ளே. பேப்பர்ல உம்ம வாரப் பத்தியில அவன் பேரைப் போட்டு நாறடியும்!"

ஆதாரம்? அது எதற்கு? கடைக்காரர் என்றால் சந்தேகப்பட வேண்டியதுதானே! முதல் நாளே பாதி எழுதிவிட்டேன்.

மைத்துனர், அவர் மனைவி செல்லம்மாள், நான் – மூவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் கடைக்குள் நுழைந்தோம். கடைக்காரர் டீ வரவழைத்தார். தப்பு செய்யாதவன் எதற்கு டீ வாங்கித் தருகிறான்? எனக்குச் சந்தேகம் இன்னும் வலுத்தது.

வயலிலிருந்து பிடுங்கிக் கொண்டுபோன நெல் தூரை வாங்கி, ஒரு மணியைக் கடித்துப் பார்த்தார்.

"இது எப்ப வாங்குன விதை அண்ணாச்சி?"

மைத்துனர் மின்விசிறியைப் பார்த்தார். செல்லம்மாள்தான் வாய் திறந்தார்.

"வாங்குனது போன வருசம்லா. இந்தத் தடவை இவியளே பொறுக்குன விதை. அறுப்பன்னிக்கும் பச்சையா நின்ன தூராப் பாத்துப் பாத்து அறுத்தாவ. நோய் அண்டாத ஜாதின்னு ஊரெல்லாம் பெருமை வேற!"

கடைக்காரர் சிரிக்கவில்லை.

"இலை தன் சத்தை நெல்லுக்குக் குடுத்துட்டுத்தான் பழுக்கும். மணி சரியாப் பிடிக்காத தூருல சத்து அம்புட்டும் இலையிலயே தங்கிரும். அந்தக் குணம் விதையிலயே இருந்தா, விதைச்ச இடமெல்லாம் அதுதானே வரும்?"

ஆக, மைத்துனர் வயலிலேயே உதவாத தூர்களைத் தேடித் தேடி விதைக்கு எடுத்திருக்கிறார் – பார்க்க அழகாக இருந்ததால்! என்னிடம் மட்டும் அதைச் சொல்லவில்லை. கோபம் வந்தது. ஆனால் அவர் சொல்லாததை நான் கேட்டேனா?

கடைக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"பேப்பர் படத்துல பாத்த முகம்தான். உங்க பத்தியை வாராவாரம் படிக்கேன் சார். நீங்க எழுதினா உண்மையாத்தான் இருக்கும்."

என் சட்டைப் பையில் அந்தப் பாதிப் பத்தி மடித்து இருந்தது.

டீயில் சர்க்கரை சரியாகத்தான் இருந்தது... எனக்குத்தான் கசந்தது.