இருநூற்றுப் பன்னிரண்டு குடம்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். எண்கள் மட்டும் பார்த்தவுடன் பிடிபடும். இதையும் நானேதான் எழுதுகிறேன், மெதுவாக.

என் வீட்டுக்காரர் ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். க்வார்ட்டர்ஸில் இருந்தபோது ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வந்தார். இப்போது இருப்பது போலப் பெட்டி, திரை எல்லாம் கிடையாது. ரப்பர் பித்தான் வைத்த ஒரு பலகை, அவ்வளவுதான். டிவியில் ஒயரைச் செருக வேண்டும், டேப் ரெக்கார்டரில் கேசட்டைப் போட வேண்டும். கேசட் கீச்சுக் கீச்சென்று கத்தி முடித்தால் ஆட்டம் வரும்.

அதில் அவரே ஓர் ஆட்டம் எழுதினார். மேலே குழாய்கள். எந்தக் குழாயில் தண்ணீர் விழும் என்று தெரியாது. கீழே குடத்தை நகர்த்திப் பிடிக்க வேண்டும். தினமும் லாரித் தண்ணீருக்கு ஓடிய எங்களுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வரிசைப் பெண்கள் எல்லாரும் என் வீட்டில்தான். யார் எத்தனை குடம் பிடித்தார்கள் என்ற பட்டியலையும் ஆட்டத்தோடு சேர்த்து அந்தக் கேசட்டில் பதிந்து வைப்பார். பெயர் போட மாட்டார். க்வார்ட்டர்ஸில் வீட்டு நம்பர்தான் பெயர். நான் பதினேழு. எதிர் வீட்டு அக்கா பதினாலு.

இருநூற்றுப் பன்னிரண்டு குடம் பிடித்து நான்தான் முதல். இதை இத்தனை வருஷமாகச் சொல்லி வருகிறேன். அக்கா, தான் இருநூற்று இருபது என்பார். இப்போது அவர் அம்பத்தூரில் மகனோடு ஃப்ளாட்டில் இருக்கிறார். வெள்ளிக்கிழமை திருமுல்லைவாயில் கோயிலுக்கு வந்தால், அப்படியே எங்கள் வீட்டுக்கும் வருவார். போன மாதம் ஒரு வளைகாப்பில் அத்தனை பேர் முன்னால் சொன்னார்:

"இவ சும்மா சொல்லிக்கினு கீறா. நான்தான் ஃபர்ஸ்ட்டு. அந்தக் கேசட்டைப் போட்டுக் காட்டச் சொல்லு பார்ப்போம்."

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரைப் பரண் மேல் ஏற்றிவிட்டேன்.

பலகை கிடைத்தது, கேசட்டும் கிடைத்தது. டேப் ரெக்கார்டரை என்றோ பழைய சாமான்காரனுக்குப் போட்டிருந்தோம். பவர் சப்ளையில் கண்டென்சர் இரண்டு வீங்கியிருந்தன, மாற்றினார். பழைய டிவி ஒன்றும், அதே மாதிரி டேப் ரெக்கார்டர் ஒன்றும் தேடிப் பிடித்தார். பெல்ட் மாற்றி, நாடாவைத் தொடும் ஹெட்டைத் துடைத்து, அதன் திருகை அளவு பார்த்து நேராக வைத்தார். கம்ப்யூட்டர் உயிர் பிழைத்துவிட்டது. ஆட்டம் மட்டும் ஏறவில்லை. ஒரு வாரம் போட்டுப் போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் பாதியில் நின்று, பிழை என்று ஒரு வரி வரும்.

"நாடா போயிடுச்சும்மா. விட்டுடு," என்றார் வெள்ளிக்கிழமை காலையில்.

நாடா போகவில்லை. காரணம் எனக்கு முதல் நாளே தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை.

"ஏங்க, அந்தப் பழைய டேப் ரெக்கார்டர் ஹெட்டை நான் திருகியிருக்கேன்."

"எப்போ?"

"வாங்கின மறு மாசம். என் பாட்டு கேசட் போர்வைக்குள்ளேருந்து பாடுற மாதிரி இருந்துச்சு. திருகினேன், கணீர்னு ஆச்சு."

"எதால திருகின?"

"ஹேர்பின்னால."

"அதான் ஃப்ரெண்டுங்க குடுத்த கேசட் ஒண்ணுகூட நம்ம வீட்ல ஏறல. இத்தனை வருஷம் அவனுங்களைத் திட்டிட்டிருந்தேன்." பிறகு சிரித்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரை என் கையில் கொடுத்தார். "கோணலா பதிஞ்சதைக் கோணலாத்தான் கேக்கணும். உன் கோணல், நீயே திருகு." அக்கா வரும் நாள் என்பதால் பால் வாங்கப் போய்விட்டார்.

நான் கேசட்டை ஓடவிட்டுக் காதைக் கிட்டே வைத்துக்கொண்டேன். அந்தக் கீச்சுச் சத்தம் துணி போட்டு மூடியதுபோல் மந்தமாக வந்தது. வலப்பக்கம் கொஞ்சம் திருகினேன், இன்னும் மந்தம். இடப்பக்கம் திருகத் திருகச் சத்தம் கூர்மையாகி, பல் கூசியது. அங்கே நிறுத்தினேன். நாடாவைச் சுற்றி, முதலிலிருந்து போட்டேன். ஆட்டம் ஏறும்போது திரை ஓரத்தில் வரும் கோடுகள் தடங்கலில்லாமல் ஓடின. குழாய்கள் வந்தன. பக்கத்தில் பட்டியல் வந்தது.

14 – 220
17 – 212

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். எண் விஷயத்தில் என் கண் தப்பு செய்யாது.

ஸ்விட்ச் கை எட்டும் தூரத்தில் இருந்தது. அணைத்துத் திருகை நேராக்கிவிட்டால் நாடா போனது போனதுதான். இவரே ஊருக்கெல்லாம் சொல்லிவிடுவார். நான் கடைசி வரை முதலாகவே இருக்கலாம். கையை அங்கே கொண்டுபோய் வைக்கவும் வைத்தேன். ஆனால் ஒரு வாரம் ஓர் எலக்ட்ரீஷியனுக்கு வராதது எனக்குக் கால் மணியில் வந்திருக்கிறது. அணைத்துவிட்டால் அதை யாரிடம் போய்ச் சொல்வது?

கேட் சத்தம் கேட்டது. இவரும் அக்காவும் சேர்ந்தே வந்தார்கள்.

"அக்கா, வந்து பாரு. நீதான் ஃபர்ஸ்ட்டு," என்றேன்.

அக்கா முகத்தைத் திரையோடு ஒட்டிப் பார்த்தார். "நான் சொல்லல? இப்ப இன்னா சொல்ற?"

"இருநூத்து இருபது உன்னுதுதான். அதைத் தொறந்தது யாரு?"

இவர் ஹேர்பின் கதையைச் சொன்னார். அக்காவுக்குச் சிரித்து மூச்சு வாங்கியது. "பின்னு வெச்சித் திருகிட்டு இத்தினி வருசம் கமுக்கமா கீறா பாரு. அண்ணே, நீ அந்த ஃபேக்டரில வேலை செஞ்சதுக்கு இவளை அனுப்பியிருக்கலாம்."

"அனுப்பியிருந்தா இந்நேரம் எனக்குப் பென்ஷன் வந்திருக்கும்," என்றேன்.

அக்காவும் நானும் உட்கார்ந்து ஆடினோம். அவர் முப்பத்தொன்று, நான் இருபத்தெட்டு. விரல் நினைத்த இடத்துக்குப் போகவில்லை. அதையும் பட்டியலில் சேர்க்கட்டுமா என்று இவர் கேட்டார்.

"சேரு, சேரு. இவளோட இருபத்தெட்டு முக்கியமா இருக்கணும்," என்றார் அக்கா.

மாலையில் இவர் அந்தத் திருகின் தலையில் என் மருமகளின் நகப்பூச்சை ஒரு சொட்டு வைத்தார். இனி அசையாது, யாரும் நேராக்கவும் கூடாது என்றார்.

அக்கா வெள்ளிக்கிழமை மறுபடி வருகிறார். நான் தினமும் மதியம் சாப்பிட்டதும் உட்கார்ந்துவிடுகிறேன். இன்று வியாழன். இதுவரை நூற்று எண்பத்தாறு.