உதைக்காத துவக்கு

கனடாவிலிருந்து லீவில் வந்த மச்சான் திரும்பிப் போய் மாதமாகிவிட்டது. எனக்கு அவன் மேலுள்ள ஆத்திரம் இன்னும் தீரவில்லை. எங்கள் மாமியின் மகன்தான், நல்லவன்தான். ஆனால் எந்த வீட்டில் எதைப் பேசுவது என்று ஒரு மனிதனுக்குத் தெரிய வேண்டாமா?

உயிலங்குளத்தில் அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டு இருந்தோம். மச்சான் போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினான். அமெரிக்காவுக்குச் சுற்றுலா போன இடத்தில் காசு கட்டித் தானியங்கித் துவக்கு சுட்டிருக்கிறான். காதை மூடிக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி சுடுகிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்காவின் புருசனைச் சண்டைக் காலத்தில் வயல் வரம்பில் வைத்து யாரோ சுட்டார்கள். யாரென்று இன்றுவரை தெரியாது. அந்த நாளில் தானியங்கித் துவக்கு வைத்திருந்தவர்கள் ஒருவர் இருவரா? அத்தானைக் குளிப்பாட்டும்போது காயங்களை அக்கா பார்த்தாள். எல்லாம் நெஞ்சில் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் இருந்தன. இவ்வளவு நெருக்கமாகச் சுடுவதென்றால் மனம் நிறைய வஞ்சம் வைத்து, நின்று குறிபார்த்துத்தான் சுட்டிருக்க வேண்டும் என்று அவள் முடிவுகட்டினாள். அத்தானோடு கொழுவல் இருந்தது பக்கத்து வீட்டுக்காரருக்கு மட்டும்தான். வாய்க்கால் தண்ணீரைத் திருப்புவதில் இருவருக்கும் ஒவ்வொரு போகமும் வாய்த்தர்க்கம் வரும். அவர்தான் ஆள்வைத்துச் சுடுவித்தார் என்று அக்கா நம்பினாள். அந்தக் காயங்களைத் தவிர வேறு சாட்சி அவளிடம் இருக்கவில்லை.

அந்த மனிதர் வேலியடியில் நின்று, "பிள்ளை, நான் ஒண்டும் செய்யேல்லை" என்று அழுததை நானே பார்த்தேன். அக்கா கதவைச் சாத்திவிட்டாள். பிறகு ஒரு சொல் பேசவில்லை. போன வருசம் அவர் செத்தபோது செத்தவீட்டுக்கும் போகவில்லை.

தேத்தண்ணி கொண்டுவந்த அக்கா போனை எட்டிப் பார்த்தாள். "உது உதைக்காதோ?" என்று கேட்டாள். அப்பா பன்றி கலைக்க வைத்திருந்த பழைய துவக்கு ஒரே வெடியில் தோளை நோகப் பண்ணும். அவளுக்குத் தெரிந்த துவக்கு அதுதான்.

மச்சானுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "இந்த மாதிரித் துவக்கு உதைக்காது மச்சாள். தோளில வைக்கிற கட்டைக்குள்ள ஸ்பிரிங் இருக்கு, அது உதையை வாங்கிடும். குழல் வாயில துளை போட்ட மூடி ஒண்டு. வெடிக்கிற காத்து அதால மேல சீறி, குழலைக் கீழ அமத்தும்."

எங்கோ ஒரு படித்த மனிதன் கதிரையில் இருந்து, சுடுகிறவனுக்கு நோகக் கூடாதே என்று மண்டையை உடைத்து இதையெல்லாம் கண்டுபிடித்திருக்கிறான். அவனுக்குச் சம்பளமும் பாராட்டும் கிடைத்திருக்கும்.

"தோள் நோகாமல் இருக்கத்தானோ?" என்றாள் அக்கா.

"அதுக்கு மட்டுமில்லை. உதைச்சால் குழல் எழும்பி அடுத்த வெடி மேலால போயிடும். இது அசையாது. நான் முதல்முதல் பிடிச்சனான், பாருங்கோ." அடுத்த படத்தை விரித்துக் காட்டினான். கடதாசியில் வரைந்த ஆளின் நெஞ்சில் துளைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

அக்கா அதைக் கனநேரம் பார்த்தாள். "குறிபார்க்கத் தெரிய வேணாமோ?"

"கிட்டத்தில எண்டால் பெரிசாத் தேவையில்லை."

"ஆளில கோவம் இருக்க வேணாமோ?"

மச்சான் சிரித்தான். "கடதாசியில எனக்கென்ன கோவம் மச்சாள்?"

நான் போனைப் பறித்துக் கதிரையில் எறிந்தேன். "வாயை மூடடா" என்று கத்தினேன். "நான் என்ன பிழையாச் சொன்னனான்?" என்று அவன் முழித்தான். பிழையாக ஒன்றும் சொல்லவில்லை என்பதுதான் என் கோபத்தை இன்னும் கூட்டியது.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. அவனுக்கு முன்னால் நிலத்தில் இருந்துவிட்டாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் கெஞ்சுகிற மாதிரித்தான் கேட்டாள்.

"இதைப் போன வருசம் வந்து சொல்லியிருக்கக் கூடாதோ, தம்பி? அந்த மனிசன் உயிரோட இருக்கேக்க."