வள்ளியூர் டாக்டரின் மிக்-21

போன மாதம் பல் டாக்டரிடம் போனேன். பல் வலிக்கவில்லை. வலி வேறு இடத்தில்!

என்னுடைய பொழுதுபோக்கு உங்களில் பலருக்குத் தெரியும். பெட்டியில் வரும் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி, உப்புத்தாளால் தேய்த்து, பெயின்ட் அடித்து, ஒரு சாண் நீளத்தில் போர் விமானம் செய்வது. இந்த ஆசை பிடித்த சிலர் சேர்ந்து வருடம் ஒருமுறை பாளையங்கோட்டையில் ஒரு ஹாலில் கண்காட்சி வைப்போம். கூட்டம் முதலில் என் மேஜைக்குத்தான் வரும். ‘ப்ளேன் சார்’ என்றே எனக்குப் பெயர். அந்தப் பெயரை நான் ஒருபோதும் மறுத்ததில்லை.

இந்த வருடம் என் ஹன்டர் விமானத்தோடு போய் உட்கார்ந்தேன். எதிர் மேஜையில் ஒரு புதுமுகம். ரஹ்மத் நிஷா, வள்ளியூரில் பல் டாக்டர். முன்னால் ஒரு மிக்-21.

வழக்கமாக வரும் பாத்திரக்கடை அண்ணாச்சி என்னிடம், “நல்லாருக்கு சார்” என்றார். பிறகு அந்தப் பக்கம் போனவர், தன் சிநேகிதரைக் கத்தி அழைத்தார்.

“ஏ வே, இங்கன வந்து பாரும்! இப்பதான் பறந்து வந்து எறங்குனது மாதிரில்லா இருக்கு!”

என்னுடையது என்ன, தவழ்ந்தா வந்தது?

கூட்டம் குறைந்த பிறகு நானும் போய்க் குனிந்து பார்த்தேன். புகை போகும் இடத்தில் கருகல், விமானி ஏறி இறங்கும் இடத்தில் தேய்ந்த பெயின்ட்... போகட்டும். அந்தத் தகட்டுக் கோடுகள்! விமானத்தின் உடம்பில் தகடும் தகடும் சேருகிற கோடுகள் தலைமுடி கனத்தில் ஓடின. உப்புத்தாள் போட்டால் எனக்கு அவற்றில் பாதி அழிந்துவிடும். மறுபடி கீறினால் கோணிக்கொள்ளும்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடினேன். கிடைத்தது! இறக்கையில் விமானப்படையின் மூவர்ண வட்டத்தை ஸ்டிக்கராக ஒட்டுகிறோம் அல்லவா, அதன் ஓரத்தில் லேசாக வெள்ளை பூத்திருந்தது. அடியில் காற்று சிக்கிக்கொண்டால் வரும் கோளாறு. அடடா, எவ்வளவு நிம்மதி! அதோடு யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

ஜப்பான்காரர் ஒருவரின் மாடல்களை இணையத்தில் பார்க்கிறேன். என்னைவிட நூறு மடங்கு தேவலை. வயிறு எரிவதில்லையே! வள்ளியூர்க்காரர் செய்தால்தான் எரிகிறது. பொறாமைக்கு எல்லை, பஸ் போகிற தூரம்தான் போலிருக்கிறது.

அந்தக் கோடுகளை எப்படிப் போடுகிறார் என்று தெரியாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

“எங்க போறிய?” என்றாள் மனைவி.

“பல் வலி. வள்ளியூருக்கு.”

“தச்சநல்லூர்ல இருந்து வள்ளியூர் வரைக்கும் வேற பல் டாக்டரே இல்லையா?”

அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

டாக்டரிடம் வலது பக்கத்துப் பல்லைக் காட்டினேன். அவர் இடது பக்கத்தில் நிஜமாகவே ஒரு சொத்தையைக் கண்டுபிடித்தார்.

“உள்ளுக்குள்ள நல்லா அரிச்சிருக்கு சார். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா பல்லை எடுக்க வேண்டியதாயிருக்கும். நல்லவேளை, வந்தீங்க.”

ஊசி போட்டு, குடைந்து, அடைத்தார். கை துடைக்கும்போதுதான் உற்றுப் பார்த்தார்.

“நீங்க ஹன்டர் வச்சிருந்த சார்தானே? அன்னைக்கே உங்ககிட்ட பேசணும்னு இருந்தேன். நீங்க பைய கிளம்பிப் போயிட்டீங்க. வாங்க, வாங்க!”

பின்னறையில் அவருடைய மேஜை. நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வாயும் வரவில்லை, மரத்துக் கிடந்தது. அவரே எல்லாவற்றையும் கொட்டினார். பல்லில் படியும் காரையைச் சுரண்டும் ஊசியால்தான் கோடு போடுகிறாராம். அழுத்தக் கூடாது, திரும்பத் திரும்ப லேசாக இழுக்க வேண்டும் என்று செய்தே காட்டினார். புது ஊசி ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார்.

“வச்சுக்கோங்க சார். எங்கிட்ட நிறைய கிடக்கு.”

உளவு பார்க்க வந்தவனுக்கு இதைவிடத் தண்டனை உண்டா?

பிறகு அந்தக் கேள்வி வந்தது.

“சார், ஒரு சந்தேகம். வட்டம் ஒட்டுனா ஓரத்துல வெள்ளையா பூத்துப்போவுது. எவ்வளவோ பாத்துட்டேன், சரியா வரமாட்டேங்கு. நீங்க எப்படிச் செய்யுதீங்க?”

என்னிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அதையும் கொடுத்துவிட்டால்...? வாயைக் காட்டி, பேச முடியவில்லை என்று சைகை செய்துவிட்டு வந்திருக்கலாம். பொய்யும் இல்லை. கையில் அந்த ஊசி உறுத்தியது.

“மொதல்ல... க்ளாஸ்...” என்றேன். நாக்கு புரளவில்லை.

“க்ளாஸா? க்ளாஸ் எடுக்கீங்களா சார்?”

அலமாரியில் இருந்த ‘க்ளாஸ்’ (gloss) என்கிற பளபளப்பு வார்னிஷ் பாட்டிலை எடுத்துக் காட்டினேன். முதலில் இதை அடித்துக் காயவிட வேண்டும். வழவழப்பான பரப்பில் ஒட்டினால் காற்று தங்காது. பளபளப்பை மங்கலாக்க, கடைசியில் இன்னொரு வார்னிஷ். பாதி சைகை, பாதி உளறல். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“இவ்வளவுதானா! இதுக்கா சார் இத்தனை நாள் மல்லுக்கட்டுனேன்!”

நேற்று சாயங்காலம் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் படம் வந்தது. டாக்டரின் புது மிக். வட்டம் பெயின்டோடு பெயின்டாக ஒட்டியிருந்தது. கீழே, ‘ப்ளேன் சார் சொல்லிக்கொடுத்தது’ என்று எழுதியிருந்தார். ஆளாளுக்கு ஹார்ட் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மனைவி எட்டிப் பார்த்தாள். “உங்க பேரைத்தானே போட்டிருக்காங்க? பெறவு என்ன மூஞ்சி இப்படி இருக்கு?”

நானும் ஒரு ஹார்ட் போட்டேன்... இன்று காலையில்தான்!