நட்சத்திரச் சீட்டு மட்டும் பாக்கி

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் குறி சொல்லும் டாரட் சீட்டு எதற்கு என்று கேட்டால், ஹெவி மெட்டல் பாட்டு எழுதத்தான் என்பார். அப்படியும் ஒரு மனிதர்! வாரம் முழுக்க லிஃப்ட் குழிக்குள் எண்ணெயும் அழுக்குமாக நிற்பார். ஞாயிற்றுக்கிழமை டயர் கடையின் பின்னறையில், சுவரெல்லாம் பழைய மெத்தை சாத்தி, நண்பர்கள் இரண்டு பேரோடு தொண்டை கிழிய உறுமுவார். டாரட்டில் பெரிய சீட்டுகள் இருபத்திரண்டு. சீட்டுக்கு ஒரு பாட்டு என்று கங்கணம் கட்டிக்கொண்டு, பதினைந்து வருஷத்தில் இருபத்தொன்றை முடித்துவிட்டார்.

இடி விழுந்து உச்சி தெறிக்கும் கோபுரச் சீட்டின் பாட்டை, வடம் அறுந்த ஒரு லிஃப்டைப் பார்த்த அன்று எழுதினார். ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்கியும் முகம் வாடாத மனிதனின் சீட்டுக்கு, பெல்ட்டில் தொங்கி வேலை பார்க்கும் தன்னையே வைத்தார். வெள்ளைக் குதிரையில் எலும்புக்கூடு வரும் மரணச் சீட்டைப் பாடுமுன், "பயப்படாதீங்க, இது சாவு இல்ல, மாற்றம்" என்று மேடைக்கு மேடை விளக்கம் வேறு.

மாற்றம் அவர் தொண்டைக்கே வந்து சேர்ந்தது. குரல்வளையில் புற்றுநோய். திங்கட்கிழமை ஆபரேஷன், குரல்வளையையே எடுத்துவிடுவார்கள். பாக்கி இருந்ததோ நட்சத்திரம். குளக்கரையில் மண்டியிட்ட பெண், இரண்டு குடங்களிலிருந்து நீரிலும் நிலத்திலும் தண்ணீர் ஊற்றுவாள். நம்பிக்கையின் சீட்டு. அதைப் பாடத் தொண்டையைச் சேமிக்கிறேன் என்று இரண்டு வாரமாக வீட்டில் வாயே திறக்கவில்லை. எல்லாம் நோட்டில் எழுதிக் காட்டுவதுதான். சாத்தான் சீட்டை ஒரே மூச்சில் எழுதியவருக்கு நம்பிக்கையைப் பற்றி ஒரு வரி ஓடவில்லை.

ஞாயிறு மதியம் மனைவி அந்த டயர் கடைப் பின்னறைக்கு வந்தாள். டிரம் வாசிப்பவர் நாசூக்காக வெளியே போனார்.

"பாட்டு ஆச்சா?"

இல்லை என்று தலையாட்டினார்.

"நேத்து இருபத்தொண்ணையும் உக்காந்து கேட்டேங்க. ஒண்ணுலயும் நீங்க இல்ல. ஏதோ மிருகம் கத்துது. போன்ல உங்க குரல் இருக்கான்னு தேடினேன். வாய்ஸ் மெசேஜ் அனுப்பச் சொன்னா கட்டைவிரல் படத்தை அனுப்புற ஆளாச்சே நீங்க! நாளைக்கப்புறம் நான் எதைக் கேக்குறது?"

இது அவருக்குத் தோன்றவே இல்லையே! சீட்டை மேசையில் போட்டுவிட்டு, பதிவுக் கருவியை ஓடவிட்டார். என்ன பேச, என்று எழுதிக் காட்டினார்.

"வெளிய கிளம்பறப்ப வாசல்ல நின்னு கேப்பீங்களே, 'உனக்கு ஏதாச்சும் வேணுமா'ன்னு. அது போதும்."

வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. எச்சில் விழுங்கிவிட்டு மறுபடி முயன்றார். மறுபடியும் காற்று. அவர் சேமித்து வைத்ததாக நினைத்த குரல் அந்த இரண்டு வாரத்துக்குள் எப்போதோ போய்விட்டிருந்தது. பேச வேண்டிய நாளில் பேசாமல் இருந்துவிட்டாரே, பாவி மனுஷன். பயத்தில், பழக்கதோஷத்தில், அடிவயிற்றிலிருந்து எக்கினார். உறுமல் வந்தது. அது மட்டும் குறையில்லாமல், அறை அதிர வந்தது.

"உனக்கு ஏதாச்சும் வேணுமா?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். மென்மையாகக் கேட்டுவிட வேண்டும் என்று கண்ணில் நீர் வழிய மூன்று தடவை கேட்டார். மூன்றும் உறுமல்தான். கருவியை நிறுத்தக் கை நீட்டினார்.

அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, மைக் பக்கம் குனிந்து பதில் சொன்னாள்.

"ஒண்ணும் வேணாங்க. சீக்கிரம் வந்துடுங்க."