குளவி கொட்டியது யாரை?

மலேசியாவில் கோப்பெங் தாண்டி, நாங்கள் பிறந்த தோட்டத்தில் இப்போது ரப்பர் இல்லை, எல்லாம் செம்பனை. மூலையிலிருந்த பழைய இடுகாட்டில் வீடுகள் வரப்போகின்றன. உறவினர்கள் சிவப்புக் கொடி நட்ட சமாதிகளை மட்டும் தனித்தனியாகத் தோண்டி எலும்புகளை அவர்களிடம் கொடுப்பார்கள். கொடி இல்லாதவை எல்லாம் ஒரே குழிக்குப் போகும். கொடி நடச் சனிக்கிழமை கடைசி நாள். அன்று காலை ஈப்போவிலிருந்து அக்காவும் நானும் அம்மாவைத் தேடிப் போனோம்.

நான் நாள் தவறாமல் நாட்குறிப்பு எழுதுகிறவன். அம்மா இறந்தபோது எனக்கு ஐந்து வயது; எழுதத் தெரியாது. அவர் குரல் நினைவில் இல்லை. முகமும் வீட்டிலிருக்கும் ஒரே படத்தில் பார்த்த முகம்தான். ஆனால் அவரைப் புதைத்த அன்று இடுகாட்டில் குளவி கொட்டியது அப்படியே நினைவிருக்கிறது. கிளம்பும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது என்று மாமா சொல்லியிருந்தார். காதுக்குப் பின்னால் சுரீரென்றது, திரும்பிவிட்டேன். பெரிய பாறை, அதன் இடப்பக்கம் புது மண்.

அம்மாவின் குரல் போய்க் குளவி மட்டும் ஏன் தங்கியது? ஆதி காலத்தில் குளவிக் கூடு இருந்த இடத்தை மறந்தவன் காட்டில் பிழைத்திருக்க மாட்டான். தாயின் குரலை மறந்தவன் பிழைத்திருப்பான். பிழைத்தவர்கள் வழியில் வந்த மூளைதான் எனக்கும். இந்த விளக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அந்தக் குளவியை நம்பித்தான் போனேன்.

பாறை இருந்தது. அதன் இரு பக்கமும் பெயரில்லாத மேடுகள். இடப்பக்க மேட்டில் கொடியை ஊன்றக் குனிந்தேன்.

“அங்க இல்லடா தம்பி, இந்தப் பக்கம்” என்றாள் அக்கா.

“எனக்கு நல்லா தெரியும்க்கா. குளவி கொட்டித் திரும்பிப் பார்த்தேன்ல.”

“உன்னயா? என்னையத்தான் கொட்டுச்சு! நீ மாமா தோள்ல வாயப் பொளந்துக்கிட்டுத் தூங்கின.”

“நீ வரவே இல்லையேக்கா. பொம்பளைங்கள லயத்து வீட்டுலயே நிறுத்திட்டாங்க.”

“நிறுத்தினாங்க. நான் பின்னாலயே ஓடி வந்தேன். அப்புறம் நீ அழுறப்பெல்லாம் இந்தக் குளவிக் கதையச் சொல்லித்தான் தூங்க வெச்சேன். இப்ப உன் கதையா ஆயிருச்சுலா!”

நான் காதுக்குப் பின்னால் தடவினேன். அவளும் தன் காதைத் தடவினாள். இருவருக்கும் தழும்பு இல்லை.

அடுத்தவரைக் கொட்டியதைத் தன்னைக் கொட்டியதாக வைத்துக்கொள்ளும் மூளை இன்னும் கெட்டிக்கார மூளையாக இருக்கலாம். வலி இல்லாமலே எச்சரிக்கை கிடைத்துவிடுகிறது. அப்படியென்றால் என் இடப்பக்கம் எங்கிருந்து வந்தது? கதையில் நான் சேர்த்ததா? அல்லது லயத்தில் நின்றவள்தான் யாரோ சொன்னதைத் தனதாக்கிக்கொண்டாளா? மாமாவைக் கேட்கலாமென்றால் அவரும் இல்லை.

கொடி கொடுக்கும் ஆள் வானத்தைப் பார்த்தார். “அண்ணே, சீக்கிரம்லா. மழை வருது.”

“இன்னொரு கொடி குடுங்க” என்றாள் அக்கா.

“ரெண்டா? எத்தன அம்மாக்கா உங்களுக்கு?”

“ஒருத்திதான். இன்னொருத்தங்களத் தேடி யாரும் வரலயே. அவங்களும் கூட வரட்டும்.”

இரண்டையும் ஊன்றினோம். “திரும்பிப் பார்க்காத” என்று சொல்லிவிட்டு அவள் முன்னால் நடந்தாள். நான் திரும்பிப் பார்த்தேன். பாறை, இரு பக்கமும் சிவப்பு.

காரில் ஏறியதும் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். குளவி கொட்டியது யாரை என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.