வேல்ஸ் நாட்டின் கோல் சூட்டர்

நேற்று ஹம்பேர்க் ஸ்டேசனடித் தமிழ்க்கடையில் ஒரு கூத்து. கடைக்காரத் தம்பி குகன் ஏணியில் நின்றபடியே, "அக்கா, பிடியுங்கோ!" என்று ஒரு தேங்காயை எறிந்தான். பிடித்தேன். பிடித்த கையோடு வலது காலை ஊன்றி, இடது காலைத் தூக்கி, அப்படியே விறைத்துப்போய் நின்றேன். வரிசையில் நின்ற சனம் சிரிக்குது. "என்னக்கா, சுளுக்கிப் போச்சோ?" என்று அவன் பதறுகிறான்.

சுளுக்குமில்லை, வாதமுமில்லை. அது நெற்போல், வளையத்துக்குள் பந்து போடுகிற வலைப்பந்து, ஆடின உடம்பு. அந்த விளையாட்டில் பந்தைப் பிடித்தால் பிறகு ஓட ஏலாது. ஒரு காலை ஊன்றி, நின்ற இடத்திலிருந்தே எறிய வேண்டும். பல்லுக் கழன்ற வயதிலும் என் கால் அதை மறக்கவில்லை. "நான் இன்ரநாஷனல் பிளேயர், தெரியுமோ?" என்றேன். "எந்த நாட்டுக்கு அக்கா?" "வேல்ஸ்." அவன் ஏணியிலிருந்து இறங்கவே மறந்துபோனான்.

பகிடியில்லை, கேளுங்கோ. தேங்காய்த் தும்பு உள்ளங்கையில் உரசினதும் எனக்கு யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடப் பந்துதான் ஞாபகம் வந்தது. தோல் தேய்ந்து, சொரசொரவென்று, மழை பெய்தால் ஈர நாய் மணம் மணக்கும் பந்து. உயரம் ஒன்றுதான் என்னிடமிருந்த சொத்து. கலியாணம் பேசி வந்தவர்களுக்கு அது குறை. வளையத்தடியில் அதுதான் பலம். பள்ளிக்கூட ரீம், மாவட்ட ரீம் என்று ஏறி, கடைசியில் இலங்கை ரீமுக்கே தெரிவானேன். வெளிநாட்டுப் போட்டிக்காகக் கொழும்பில் பயிற்சி. தையற்காரி வந்து சட்டைக்கு அளவும் எடுத்துவிட்டாள்.

அந்தக் கிழமைதான் எண்பத்துமூன்று ஆடிக் கலவரம், கொழும்பில் தமிழரை வீடு வீடாகத் தேடி அடித்தார்கள். அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினேன். அந்தச் சட்டையைத் தைத்தார்களோ, யார் போட்டார்களோ, தெரியாது. உயிர் தப்பினதே பெரிது என்று எல்லாரும் சொன்னார்கள். பெரிதுதான். ஆனால் எனக்கு அந்தச் சட்டை வேண்டும். ஒரேயொரு தரம், ஒரு நாட்டின் சட்டையைப் போட்டு ஆட வேண்டும். இதை வெளியில் சொன்னால் விசர் என்பார்கள் என்று வாயே திறக்கவில்லை.

பிறகு கிழக்கு பெர்லினால் ஜேர்மனிக்குள் வந்து, வடக்கே ஒரு சின்ன ஊரின் அகதி விடுதியில், நாங்கள் ஹைம் என்போமே, அதில் போய் விழுந்தேன். வேலை செய்ய அனுமதியில்லை. மாவட்ட எல்லையைத் தாண்டவும் அனுமதியில்லை. என்னோடு ஒரே அறையில் பவா அக்கா, பருத்தித்துறைக்காரி, எதற்கும் கையில் ஒரு தீர்ப்பு வைத்திருப்பார்.

ஒரு பின்னேரம் நடக்கப் போனபோது விசில் சத்தம் கேட்டது. அந்த ஊரில் பிரிட்டிஷ் பட்டாளம் இருந்த காலம். பட்டாளத்தாரின் மனைவிமார் அவர்களின் வீட்டு வளவில் நெற்போல் ஆடுகிறார்கள்! அப்படியொரு விளையாட்டு இருப்பதே அங்கே ஒரு ஜேர்மன்காரருக்கும் தெரியாது. பந்து வேலிக்கு மேலால் வந்தது. பிடித்தேன், கால் தானாக ஊன்றியது. வேலிக்கு அந்தப்பக்கம் நின்ற செம்பட்டைத் தலைக்காரி என் காலையே பார்த்தாள். "நீ ஆடியிருக்கிறாய், என்ன?" என்று இங்கிலீசில் கேட்டாள். அவள்தான் மேகன், வேல்ஸ்காரி. அடுத்த கிழமையிலிருந்து நானும் வேலிக்கு உள்ளே.

ஏன் அவ்வளவு பிடித்தது என்று சொல்லட்டா? பந்து உங்கள் கையில் இருந்தால் எதிராளி மூன்றடி தள்ளித்தான் நிற்க வேண்டும், தொடவே கூடாது. கொழும்பில் அந்த ஆடியைக் கண்டுவிட்டு வந்தவளுக்கு அந்தச் சட்டம் தேன்.

எண்பத்தாறில் வேல்ஸ் பெண்களுக்கும் ஸ்கொட்லாந்துப் பெண்களுக்கும் ஒரு போட்டி வைத்தார்கள். வேல்ஸ் பக்கம் கோல் சூட்டருக்கு, வளையத்தடியில் நின்று பந்து போடுகிறவளுக்கு, பிள்ளைப்பேறு கிட்டி. "நீ வா, சட்டை தருகிறேன்" என்றாள் மேகன். சட்டை! அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் போட்டி நடக்கிற முகாம் மாவட்ட எல்லைக்கு அப்பால். வெளிநாட்டவர் அலுவலகத்தில் அன்ட்ராக், அதுதான் விண்ணப்பம், கொடுத்தேன். "விளையாட்டு ஒரு காரணமில்லை" என்றார் அதிகாரி. மூன்று வருசத்துக்குள் இரண்டாம் தரமும் சட்டை கைக்கு வராமல் போகுது என்று கட்டிலில் கிடந்து அழுதேன்.

மேகன் அழவில்லை. "உனக்கு வர ஏலாதென்றால் ஸ்கொட்லாந்து வரட்டும்" என்றாள், ஏதோ அடுத்த வீட்டுக்காரியைக் கூப்பிடுவதுபோல.

வந்ததே! ஞாயிறு காலை பட்டாள லொறியொன்று ஹைமுக்குப் பக்கத்துப் புல்வெளியில் வந்து நின்றது. இரும்பு அடித்தட்டு வைத்த இரண்டு வளையக் கம்பங்களை இறக்கி நிறுத்தினார்கள். கோடு கீற ஒன்றுமில்லை. எங்களுக்குச் சாப்பாட்டுப் பொதியில் தந்து தந்து குவிந்துபோன கோதுமை மாவை ஹைம் ஆம்பிளையள் அரிதட்டில் அள்ளி வந்து கோடு போட்டார்கள். மேகன் நீட்டின சிவப்புச் சட்டைக்குள் என்னைப்போல இரண்டு பேர் நிற்கலாம். "குமர்ப்பிள்ளை, முழங்கால் தெரியப்படாது" என்று பவா அக்கா தீர்ப்புச் சொன்னதால் கீழே நீளக் காற்சட்டை. கண்ணாடி பார்த்தால் சர்க்கஸ்காரி. ஆனாலும் நான் அன்று நடந்த நடை இருக்கே, மகாராணி தோற்றாள்.

இடைவேளைக்குப் பவா அக்கா தகரத்தில் அடைத்த ரின்மீனில் கட்லட் பொரித்துக்கொண்டு வந்தார். ஸ்கொட்லாந்தின் கோல் கீப்பர் ஆசைப்பட்டு மூன்றை விழுங்கினாள். பிறகு முகம் சிவந்து தண்ணீருக்கு ஓடினாள். வேல்ஸின் ஆட்டத்தில் செத்தல் மிளகாய்க்கும் பங்குண்டு, மறைக்கமாட்டேன்.

கடைசிக் கணம். இரண்டு பக்கமும் சரிசமன். மேகன் எறிந்த பந்து என் கைக்கு வந்தது. காலை ஊன்றினேன். கீப்பர் மூன்றடி தள்ளி நின்று கையை மட்டும் உயர்த்தினாள். தொடவில்லை. யாருமே தொடவில்லை. எறிந்தேன். பந்து வளையத்தின் விளிம்பில் ஒருக்கால் இருந்து யோசித்துவிட்டு உள்ளே விழுந்தது.

"எங்கட பிள்ளையடா! எங்கட வேல்ஸடா!" என்று குழறினது வேறு யாருமில்லை, பவா அக்கா. நான் வளையத்தடியிலேயே இருந்து அழுதேன். வெற்றிக்கு அழுகிறேன் என்று மேகன் முதுகைத் தடவினாள். சட்டைக்கல்லோ அழுதேன்.

தோய்த்து மடித்துத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, அது உன்னுடையது என்றுவிட்டாள். அடுத்த வருசம் அவள் கணவனுக்கு மாற்றல் வந்தது. சட்டையைப் போட்டுப் போட்டே இற்றுப்போக விட்டேன். வேல்ஸை மட்டும் இன்னும் கண்ணால் காணவில்லை.

போன கோடையில் அந்த ஊருக்குப் போனேன். பட்டாளம் போய்விட்டது, ஹைமை இடித்துவிட்டார்கள், புல்வெளியில் சுப்பர்மார்க்கெட்டின் கார் நிறுத்துமிடம். அந்தக் கம்பங்கள் தூக்கிக்கொண்டு போகிற கம்பங்கள், நிலத்தில் ஒரு குழிகூட விட்டுவைக்கவில்லை. கோதுமை மாக் கோடுகளை அன்று பின்னேரமே மழை கழுவிவிட்டது. எந்த இடத்தில் கால் ஊன்றினேன் என்று கார்களுக்கு நடுவே நடந்து நடந்து தேடினேன். கண்டுபிடிக்க ஏலவில்லை.

இடம் போனால் போகட்டும். பந்து உள்ளே போனது போனதுதான்.